பத்தொன்பதாவது நிமிடம்

மார்ச் 3

சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். மதியம் மனைவியைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது, ஓரமும் சுருங்கிக்கொண்டு வருகிறதாம். "இன்னும் எத்தனை நாள்?" என்று இவளே கேட்டாள். "ஒரு மாசம்னு வச்சுக்குங்கம்மா. பார்க்க வேண்டியதைப் பார்த்துக்குங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள். "அந்த டேப்பை எடுங்க. குட்டியை ஒரு தடவை பார்க்கணும்."

இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பேச்சே இந்த வீட்டில் இல்லை.

மார்ச் 4

பீரோவின் மேல்தட்டில் இருந்தது. என் கையெழுத்திலேயே லேபிள்: 'பள்ளி ஆண்டு விழா. கிளி – 33வது நிமிடம்.' இரவல் கேமராவில் நான் எடுத்தது. எங்கள் மகள் குட்டி அப்போது மூன்றாம் வகுப்பு, கிளி வேஷம். அதற்கு நாலு மாதம் கழித்துக் காய்ச்சலில் போய்விட்டாள். போட்டோக்கள் நிறைய உண்டு, ஆனால் லென்ஸ் வைத்தாலும் இவளுக்கு இப்போது பிடிபடுவதில்லை. டிவிக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தால் அசைவது தெரிகிறது. குட்டி அசைவது அந்த ஒரு டேப்பில்தான்.

வீடியோக் கடைக்காரர் டேப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பூஞ்சை பிடிச்சிருக்கு சார். ஒரு தடவைதான் ஓடும். ஓடும்போதே கம்ப்யூட்டர்ல இறக்கிடுங்க." பிளேயரையும் இணைப்புப் பெட்டியையும் இரவல் தந்தார்.

மார்ச் 6

புது ஹார்டு டிஸ்க் வாங்கினேன். படுக்கையறை டிவி பழசு. டிஸ்க்கைச் செருகினால் 'படிக்க இயலவில்லை' என்றது. இவளுடைய தம்பி கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன். போனில் சொன்னான்: "பழைய டிவிக்கு பழைய ஃபார்மட்தான் மாமா புரியும். ஃபேட் 32-ன்னு போட்டு அழிச்சு எழுதுங்க." செய்தேன். டிவி படித்தது. 'குட்டி' என்று லேபிள் ஒட்டினேன்.

"என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிடுங்க, தொலைஞ்சா கொண்டுவந்து விட்டுடுவாங்க" என்றாள். ரொம்ப நாள் கழித்துக் கேலி செய்கிறாள்.

மார்ச் 7

வேறு ஒரு டேப்பைப் போட்டு ஐந்து நிமிடம் பதிந்து பார்த்தேன். சுத்தமாக வந்தது. டிஸ்க்கில் ஐநூறு ஜிபி காலி. நாளை காலை.

மார்ச் 8

போச்சு.

மார்ச் 9

எழுதித் தொலைக்கிறேன்.

இவள் குளிக்கப் போயிருந்தாள். டேப்பைப் போட்டேன், பதிவை ஆரம்பித்தேன், படம் வந்தது. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே? முடியவில்லை. குட்டி மேடைக்கு வரும்போது அந்த அறையில் இருக்க எனக்குத் தைரியம் இல்லை. மானிட்டரை அணைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். செய்தித்தாளைத் தலைகீழாகக்கூடப் பிடித்திருப்பேன், தெரியாது. ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் திரை நடுவே ஒரு கட்டம்: கோப்பு மிகப் பெரிது, பதிவு நிறுத்தப்பட்டது. பத்தொன்பது நிமிடம்தான் இருந்தது. பிளேயர் மட்டும் தன் பாட்டுக்கு டேப்பைக் கடைசிவரை ஓட்டி முடித்திருந்தது.

பின்னால் சுற்றி மறுபடி போட்டேன். திரையில் வெறும் வெள்ளைப் பொரி. பிளேயர் மூடியைத் திறந்தால் பழுப்புத் தூள். கடைக்குத் தூக்கிப்போனேன். கடைக்காரர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "டேப்புல இருந்து உதிர்ந்தது. படமே இதுதான் சார்" என்றார்.

மார்ச் 10

தம்பிக்காரனிடம் கத்தினேன். ஐநூறு ஜிபி காலியா இருக்கறப்ப எப்படிடா பெரிசு? அவன் குரல் இறங்கிவிட்டது. "மொத்த இடம் வேற மாமா. அந்த ஃபார்மட்ல ஒரு ஃபைல் நாலு ஜிபியைத் தாண்டக் கூடாது. சுருக்கின ஃபைலைத்தான் அதுல போடுவீங்கன்னு நினைச்சேன். டேப்பையே நேரா அதுல இறக்குவீங்கன்னு..."

சுருக்காமல் பச்சையாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குப் பதின்மூன்று ஜிபி. சுருக்கி முடித்திருந்தால் முழு டேப்பும் ஒரு ஜிபிக்குள் அடங்கியிருக்கும். கம்ப்யூட்டரில் இறக்கி, சுருக்கி, பிறகு டிஸ்க்கில் போட வேண்டும். ஒரு வேலை மிச்சம் என்று நேரே டிஸ்க்கில் எடுத்தேன்.

முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பர். கிடங்கு எவ்வளவு பெரிசானாலும் வாசல் அகலத்துக்குத்தான் சரக்கு உள்ளே போகும் என்று எத்தனை லாரிக்காரர்களிடம் கத்தியிருக்கிறேன்!

மார்ச் 12

"ஆயிடுச்சா?" என்றாள்.

"கன்வர்ட் ஆகிட்டிருக்கு. நேரம் எடுக்கும்."

மார்ச் 15

"இன்னுமா?"

"இன்னும்."

என்ன மனுஷன் நான்? இவளுக்குப் பார்வை போகிற வரைக்கும் இழுக்கிறேனா? போய்விட்டால் காட்ட வேண்டியதில்லை என்றா? அப்படித்தான் என்று தோன்றுகிறது. எழுதவே கூசுகிறது.

மார்ச் 19

டம்ளரை மேஜைக்கு வெளியே வைத்தாள். உடைந்தது. துடைப்பம் எடுத்துக் கூட்டினேன்.

மார்ச் 23

காலையில் டிவி எதிரே உட்கார்ந்திருந்தாள். "இது எரியுதா, அணைஞ்சிருக்கா?" என்றாள். எரிந்துகொண்டிருந்தது.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். வாசலில் போய் உட்கார்ந்ததையும்.

நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். இவள் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே போய்ப் படுத்துவிட்டாள்.

மார்ச் 25

இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை. இன்று சாப்பிட்ட கையோடு கேட்டாள். "பத்தொன்பது நிமிஷம் இருக்குல்ல? அதைப் போடுங்க."

"அதுல குட்டி இல்லம்மா. நான் திறந்துகூடப் பார்க்கல."

"போடுங்கன்னா போடுங்களேன்."

சுருக்கி டிஸ்க்கில் ஏற்றினேன். டிவி உடனே படித்தது. அதுதான் அதிகம் எரிந்தது எனக்கு. பத்தொன்பது நிமிடத்தில் பதினாலு நிமிடம் தலைமை ஆசிரியர் பேச்சு. அந்த மனுஷனை ஒரு வார்த்தை விடாமல் எடுத்து வைத்திருக்கிறேன். இவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டாவது நிமிடம் கேமரா லேசாக ஆடியது. பக்கத்தில் காகித இறக்கை சரசரக்கிற சத்தம்.

"அப்பா, இந்தப் பக்கம் திருப்புங்க. என்னை எடுங்கப்பா."

"பேசாம உட்காரு. உன் முறை வரட்டும்."

"முழுசா எடுப்பீங்கல்ல?"

"எடுப்பேன்."

கேமரா திரும்பவில்லை. தலைமை ஆசிரியரிலேயே நின்றது.

இவள் என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்த இடம் இன்னும் வலிக்கிறது. எனக்கு அழுகை வந்தது. இவளுக்கும்.

மார்ச் 30

அந்தப் பதினோரு விநாடியை மட்டும் தனியாக வெட்டிக் கொடுத்தேன். பென்டிரைவ் செருகுகிற சின்ன ரேடியோ ஒன்று இவளிடம் உண்டு, அதில் போட்டுக் கேட்கிறாள். மூன்று எம்பிகூட இல்லை. எந்த ஃபார்மட்டிலும் ஏறும்.

இன்று பத்துத் தடவை இருக்கும். கடைசியில் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "உங்க குரலை மட்டும் எடுத்துட முடியுமா?"

ஒரே மைக்கில் பதிந்தது, குட்டி பேசி முடிப்பதற்குள் நான் பேச ஆரம்பித்திருக்கிறேன், வெட்டினால் அவளும் வெட்டுப்படுவாள் என்று சொன்னேன்.

ரேடியோவின் பொத்தானைத் தடவித் தேடினாள்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று மறுபடி போட்டாள். நான் இந்தத் தடவை எழுந்து வெளியே போகவில்லை.