மஞ்சள்தூள் போடச் சொன்னது நான்தான்

அருப்புக்கோட்டை
18.1.1996

அன்பு மகள் ஏஞ்சலினுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய தயவில் அம்மாவும் நானும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தக் கனடாக் குளிரில் காய்ச்சல் மண்டையிடி எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறோம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் நீ போட்ட கடிதம் இந்த மாதம் நாலாம் தேதிதான் வந்து சேர்ந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது, மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள், ஆனால் ஆலயத்தில் கொடுத்த கேக்கில் இரண்டு துண்டு தின்றுவிட்டு என்னிடம் ஒன்று என்று சொன்னாள். மழை இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டது. திருச்சுழிப் பக்கம் மல்லியும் பருத்தியும் முளைத்ததோடு சரி, லோடு இல்லாமல் லாரியெல்லாம் நிற்கிறது, லாரி ஓடாவிட்டால் ரேடியேட்டர் எப்படிக் கெடும், பட்டறையில் பாதி நாள் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். வேலை செய்தபோது வலிக்காத தோள்பட்டை இப்போது சும்மா இருக்கும்போது வலிக்கிறது. அசதியாக இருக்கிறது அம்மாடி, வேறொன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில், காரை எடுக்காதே, பஸ்ஸில் போ என்று மட்டும் சொன்னேன். நீ சரிப்பா என்றாய். அந்தச் சரிப்பாவை நான் நம்பவில்லை. டெலிபோன் பூத்தில் நான் பேசுவது எனக்கே திரும்பக் கேட்கிறது, பக்கத்தில் அம்மா நின்றுகொண்டு சாப்பிட்டாளா என்று கேளுங்கள் என்று இடிக்கிறாள், அதற்குள் எதைச் சொல்வது, அதனால்தான் எழுதுகிறேன். உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், காரில் ஹீட்டர் வேலை செய்யவில்லை, மெக்கானிக் ஹோஸ் குழாயைக் கழற்றிப் பார்த்து உள்ளே அடைத்திருக்கிறது என்றார், இந்த ஊர்த் தண்ணி சரியில்லை, டாஷ்போர்டு முழுவதையும் பிரித்தால்தான் மாற்ற முடியுமாம், குளிர்காலம் முடியட்டும் என்று விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். காலை டூட்டிக்குப் போகும்போது கண்ணாடியில் உள்பக்கமே பனி கட்டிவிடுகிறது, ஒரு கையால் சுரண்டிக்கொண்டே ஓட்டிப் பழகிவிட்டேன் என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்று வேறு வரைந்திருந்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே வருகிறவன் தெரியாமல் ஒரு பிள்ளை வண்டி ஓட்டுகிறாள், அவள் என் பிள்ளை, அதுதான் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

தண்ணி சரியில்லை என்றதும் முதலில் நம்பினேன். முப்பது வருஷமாக இந்த ஊர் உப்புத்தண்ணி அடைத்த ரேடியேட்டரைச் சுரண்டியே சாப்பிடுகிறவன், தண்ணி மேல் குற்றம் சொன்னால் மறுபேச்சு இல்லாமல் நம்புவேன், அது உனக்கும் தெரியும். அந்த வாரமே பாளையம்பட்டி சோலைச்சாமி தன் வேனுக்கு ஹோஸ் மாற்ற வந்தார். பட்டாளத்தில் லடாக் பக்கம் பன்னிரண்டு வருஷம் லாரி ஓட்டியவர். அவரிடம் உன் விஷயத்தைச் சொன்னேன். ஹீட்டர் என்றால் என்ன நினைத்தீர்கள், அது வண்டிக்குள் இருக்கிற இன்னொரு சின்ன ரேடியேட்டர், இஞ்சின் சூட்டுத்தண்ணி அதற்குள் சுற்றிவரும், பின்னாலிருந்து காற்றாடி ஊதும் என்று விளக்கிவிட்டு, “பாப்பா ரேடியேட்டருக்குள்ள எதையும் போட்டுச்சாண்ணே?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லி வாயை மூடுவதற்குள் பழைய போன் பேச்சு ஞாபகம் வந்துவிட்டது. அக்டோபரில் நீ போனில் ரேடியேட்டர் சொட்டுகிறது என்று சொன்னதும், இரண்டு கரண்டி மஞ்சள்தூளைப் போடு நின்றுவிடும் என்று சொன்னவன் நான்தானே. நின்றுவிட்டதுப்பா என்று நீயும் சந்தோஷமாக எழுதினாய், நானும் அதைப் பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன். சோலைச்சாமி தலையில் கையை வைத்துக்கொண்டார். “அந்தக் குழாயி ஈர்க்குச்சி மொத்தங்கூட இருக்காதுண்ணே, அதுல போயி மஞ்சத்தூளக் கொட்டச் சொன்னீகளா” என்றார்.

இங்கே எந்த டிரைவரும் செய்கிறதுதான். வழியில் ஒழுகினால் ஒரு கை மஞ்சள்தூளைக் கொட்டி ஊர் வந்து சேருவான், வந்ததும் பட்டறையில் கழற்றிக் கழுவி ஈயம் வைத்துக்கொண்டு போவான். கழுவ வேண்டும் என்பதை நான் உன்னிடம் சொல்லவே இல்லை. இன்னொரு ரேடியேட்டர் இருப்பதே எனக்குத் தெரியாது. இந்த ஊரில் வண்டிக்குள் சூடு வேண்டும் என்று எவன் கேட்டான்.

வீரசோழனில் பழைய வண்டி வாங்கி உடைக்கிற வியாபாரியிடம் பட்டாளத்து ஜீப் ஒன்று கிடந்தது. பஸ்ஸில் போய் அதிலிருந்த ஹீட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பட்டறையில் கிடக்கிற பழைய இஞ்சினோடு அதை இணைத்து, மஞ்சள்தூளைக் கரைத்து ஊற்றி, இஞ்சின் தண்ணியோடு இரண்டு நாள் சுற்றவிட்டேன். நீ சொன்னது போலவே அடைத்துக்கொண்டது. லாரி ரேடியேட்டர் என்கிற நினைப்பில் கம்ப்ரஸர் காற்றை முழுசாகத் திறந்துவிட்டேன், ஓரம் பிளந்துவிட்டது. அதற்கு ஈயம் வைத்து, மறுபடி மஞ்சளை அடைக்கவிட்டு, இந்தத் தடவை தண்ணியை மெதுவாக விட்டேன், வழிக்கு வந்தது. அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன். இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். இஞ்சினிலிருந்து வண்டிக்குள் போகிற இரண்டு சின்ன ஹோஸும்தான் ஹீட்டருக்குப் போகிறவை. இஞ்சின் பக்கத்தில் கிளிப்பைத் தளர்த்தி இரண்டையும் கழற்றி, ஹீட்டரிலிருந்து தண்ணி இஞ்சினுக்குத் திரும்புகிற ஹோஸ் வழியாகக் குழாய்த் தண்ணியை உள்ளே விட வேண்டும், அதாவது தலைகீழாக. குழாயைக் கால்வாசிதான் திறக்கலாம், வேகமாக விட்டால் எனக்குப் பிளந்தது போல் பிளந்து வண்டிக்குள் கால் வைக்கிற இடத்தில் கொட்டும். முதலில் மஞ்சள் சேறு வரும், அப்புறம் கலங்கல் வரும், பிறகு ஹோஸை மாற்றி நேராக விடு, மறுபடி தலைகீழாக விடு, வாளியில் விழுகிற தண்ணி நீ குடிக்கிற தண்ணி மாதிரி தெளிகிற வரைக்கும் விடாதே. பெரிய ரேடியேட்டரையும் கழுவாவிட்டால் அதிலிருக்கிற மஞ்சள் திரும்ப வந்து அடைக்கும். ஒழுகின இடத்தை ஈயம் வைத்து அடைக்கச் சொல். வெறும் தண்ணியை உள்ளே விட்டுவைக்காதே, உறைந்து ஹீட்டரையே வெடிக்க வைத்துவிடும், உறையாமல் இருக்க அங்கே விற்கிற திரவத்தைத்தான் கலந்து ஊற்ற வேண்டும் என்று சோலைச்சாமி மூன்று தரம் சொன்னார். எனக்கு அதுவும் தெரியாது. எல்லாம் முடிந்து இஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரைத் திறந்து வைத்து, இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார். இரண்டும் சுட்டால் வழி திறந்துவிட்டது, ஒன்று சுட்டு ஒன்று சில்லென்று இருந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது. இதையெல்லாம் வெளியில் பனியில் நின்று செய்யாதே, அந்த மெக்கானிக் கொட்டகைக்குள்ளேயே செய்யச் சொல்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் சோறு போடும்போது, “பிள்ளைக்கு ஒண்ணு ஆகியிருந்தா யாரைப் போயி கேப்பீக?” என்றாள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மெக்கானிக் ஹோஸைக் கழற்றியபோது நீ பக்கத்தில்தான் நின்றிருப்பாய். பட்டறையில் வளர்ந்த பிள்ளை நீ, உள்ளேயிருந்து வந்த நிறத்தைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்திருக்கும். அப்பா மனசு சங்கடப்படும் என்று தண்ணி மேல் பழியைப் போட்டு எழுதிவிட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒன்றரை மாதம் அந்தக் குளிரில் போயிருக்கிறாய். உன் நல்ல மனசு எனக்குப் புரிகிறது, புரிந்துதான் இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. நீ இப்படி மறைத்துக்கொண்டே இருந்தால் நான் தெரியாததையெல்லாம் தெரிந்தவன் மாதிரி சொல்லிக்கொண்டேதான் இருப்பேன் அம்மாடி. பார்க்காத ஊர், பார்க்காத பனி, நான் எதைக் கண்டேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும். அம்மா முத்தம் சொன்னாள், காதை மூடிக்கொண்டு போகச் சொன்னாள். மறக்காதே, ஹீட்டர் சூடு தருகிற வரைக்கும் காரைத் தொடாதே. இந்தக் கடிதத்தில் எழுதியதையும் அப்பா சொன்னார் என்பதற்காகச் செய்யாதே, அந்த மெக்கானிக்கிடம் வரி வரியாகச் சொல்லிக் கேள், அவர் சரி என்றால் செய். தப்பு என்றால் தப்பு என்றே எனக்கு எழுது. நான் தாங்கிக்கொள்வேன், நீ எங்கேயோ மோதிவிட்டாய் என்று யாராவது வந்து சொல்வதைத்தான் தாங்க மாட்டேன்.

உன் அப்பா,
ஜான்ராஜ்