மாற்றிக் கொடுத்த உப்பு

இன்று காலை என் முழங்கை மடிப்பில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை வைத்துத் தேய்த்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே நீங்கள் வந்துவிட்டீர்கள்.

ஒரகடத்தில் என் மொத்த வியாபாரக் கடைக்கு அடுத்த கல்யாண மண்டபத்தில் ஒரு வாரமாக ஆராய்ச்சிக்காரர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். சர்க்கரை நோய் எட்டிப் பார்க்கிற நிலையில் இருப்பவர்களுக்கு ஒரு மாத்திரை கொடுத்துப் பார்க்கிறார்களாம். கம்பெனி மெஷின் லைனில் நின்று வேலை செய்கிறவர்கள், கேண்டீன்களுக்கு அரிசி பருப்பு போடும் என்னைப் போன்றவர்கள், யார் வேண்டுமானாலும் சேரலாம். ரத்தம் எடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பாரத்தைப் படித்துக் காட்டிவிட்டுச் சொன்னாள்: "சார், பாதி பேருக்கு மருந்து. பாதி பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. உங்களுக்கு எது வருதுன்னு எனக்கும் தெரியாது."

"நான் என் மாத்திரைய வேற யாருக்குனா மாத்திக் குட்த்துட்டா?" என்று கேட்டேன்.

"ஐயோ சார்! அப்டிலாம் பண்ணவே கூடாது. மொத்த ஸ்டடியும் போயிடும்."

"தெரியும்மா. இந்த ஊர்ல என்னவிட அது நல்லா தெரிஞ்சவன் எவனும் கிடையாது" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கடைக்கு வந்தேன். சரக்கு லாரி வாசலில் நிற்கிறது. நான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தொண்ணூற்றொன்றில் நம் ஊரில் கம்பெனி என்ற சொல்லுக்கே வேலையில்லை. வாலாஜாபாத் ரோட்டிலிருந்து உள்ளே வந்தால் ஏரி, ஏரிக்குக் கீழே நெல், நெல்லைத் தாண்டி ஆஸ்பெஸ்டாஸ் போட்ட என் கடை. சைக்கிளில் பெருங்காயமும் சீயக்காயும் விற்றுச் சேர்த்து வைத்த கடை. கதவுக்குப் பெயிண்ட் அடித்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. அப்போதுதான் உங்கள் ஜீப் வந்து நின்றது.

பெண்களுக்கு ரத்தம் குறைவாக இருப்பதற்கு உப்பிலேயே இரும்புச் சத்தைக் கலந்து கொடுத்தால் சரியாகுமா என்று பார்க்கிறோம் என்றீர்கள். வீட்டுக்கு ஒரு அட்டை. அட்டையில் சிவப்புப் புள்ளியோ நீலப் புள்ளியோ இருக்கும். அதே புள்ளி போட்ட உப்புப் பாக்கெட்டை மாதாமாதம் இலவசமாகக் கொடுக்க வேண்டும். ஒன்றில் சத்து இருக்கிறது, இன்னொன்று வெறும் உப்பு. அதைக் கொடுப்பதற்கு என் கடை வேண்டும்.

நான் உடனே சரி என்றேன். பொதுச்சேவை என்றும் சொல்லிக்கொண்டேன். நீங்கள் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "உப்பு வாங்க வர்றவங்க புளி வாங்காம போக மாட்டாங்க. அதானே கடைக்காரரே?" என்று கேட்டீர்கள். என்னை முதல் நாளே அப்படிப் படித்தவர் யாருமில்லை. ஊரே உங்களை 'உப்பு டாக்டரம்மா' என்றது. "நான் டாக்டர் இல்லீங்க, வீடு வீடா போய்க் கேட்டு எழுதறவ, அவ்வளவுதான்" என்று நீங்களும் ஒவ்வொரு வாசலிலும் திருத்திக்கொண்டே போனீர்கள். யாரும் திருந்தவில்லை.

எது மருந்து உப்பு என்று உங்களை எத்தனை விதமாகக் கேட்டிருப்பேன்! கலர் சோடா வாங்கிக் கொடுத்துக்கூடக் கேட்டேன். சோடாவைக் குடித்து முடித்து, கர்ச்சீப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் தெரியாது கடைக்காரரே. தெரியாம இருக்கறதுதான் என் வேலை" என்றீர்கள். சரக்கு இன்னதென்று தெரியாமலேயே அதைத் தலையில் சுமந்து அலையும் ஆளை நான் அன்றுதான் பார்த்தேன். கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது.

பிறகெல்லாம் சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து, ரோட்டிலிருந்து நடந்து வருவீர்கள். கடையில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் முதல் வீட்டுக்குப் போவீர்கள். அந்தத் தண்ணீருக்காக ஒரு புதுப் பானை வாங்கி வைத்தேன். அது உங்களுக்குத் தெரியாது. திண்டுக்கல் பக்கத்தில் உங்கள் ஊர், அப்பா இல்லை, தங்கையைக் காலேஜில் சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தண்ணீர் நேரத்தில் சொன்னதுதான். "நான் டெம்பரரி. இந்த ஊர் வேலைய நல்லபடியா முடிச்சா பர்மனென்ட் ஆக்கறேன்னு சொல்லியிருக்காங்க. மாதா புண்ணியத்துல இதுவரைக்கும் ஒரு குறையும் இல்ல" என்றீர்கள்.

குறை அதற்குள் என் கடையில் நடந்துகொண்டிருந்தது.

இரண்டாவது மாதமே கன்னியம்மா பாக்கெட்டோடு வந்து நின்றாள். ஏரிக்கரைத் தெருவில் மாமியாரோடு மல்லுக்கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்தியவள். "இன்னா உப்பு இது? வாயக்கா பொரியல் கரிக்கட்டையாட்டம் கீது. 'சட்டிக் கரிய சொரண்டி வச்சிட்டியாடி'ன்னு எங்க மாமியா ஆடுது. மாத்திக் குடு."

"சும்மா குடுக்கற உப்புல கலர் வேற கேக்கறியா நீ?"

"சும்மா குட்த்தா கரிய துன்னுவாங்களா? உன் வூட்ல துன்னு."

அவள் கையில் சிவப்புப் புள்ளி. அந்த நேரம் பார்த்து நீலப் புள்ளி அட்டையோடு இன்னொருத்தி நின்றிருந்தாள். "கருக்குதுன்னா அதுலதான் மருந்து கீதுன்னு அர்த்தம். எனக்கு அத்தக் குடு. எனக்கு எழுந்தா தலைய சுத்துது" என்றாள். ஒருத்தி வேண்டாம் என்கிறாள், ஒருத்தி வேண்டும் என்கிறாள். நடுவில் வியாபாரி நிற்கிறான். மாற்றிக் கொடுத்தேன். வாடிக்கையாளருக்குப் பிடிக்காத சரக்கை மாற்றித் தராதவன் கடை நடத்த முடியாது. நான் சைக்கிளில் போன காலத்திலிருந்தே அது என் பழக்கம்.

ஒன்று இரண்டாயிற்று, பிறகு தெருவுக்குத் தெரு ஆயிற்று. சிவப்பு எத்தனை போனதோ அத்தனை நீலம் வந்துவிடும். மாதக் கடைசியில் நீங்கள் பாக்கெட்டுகளை எண்ணும்போது ஒன்றுகூடக் குறையாது. மாற்றக் கூடாது என்று நீங்கள் முதலிலேயே சொல்லியிருந்தீர்கள்தான். எண்ணிக்கை பிசகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறீர்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். எண்ணிக்கை பிசகவில்லையே!

கடைசி ரத்தப் பரிசோதனைக்கு ஒரு வாரம் இருந்தபோது நீங்கள் சந்தோஷமாக வந்தீர்கள். மஞ்சள் புடவை. "மத்த ஊர்ல எல்லாம் பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க. இங்க ஒரு வீடுகூட பாதியில நிக்கல. எப்படிங்க முடிஞ்சுது?" என்று கேட்டீர்கள்.

பெருமை தாங்கவில்லை எனக்கு. "நம்ம கிட்ட வித்தை கீதே மேடம்! எந்த வூட்டுக்கு எது புடிக்கலியோ அத்த மாத்திக் குட்த்துடுவேன். அங்க வாங்கி இங்க, இங்க வாங்கி அங்க. ஒருத்தர் மூஞ்சி கோணல. ஒரு பாக்கெட் கொறையல" என்றேன்.

நீங்கள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டீர்கள். திட்டுவீர்கள் என்று பார்த்தேன். தண்ணீர் கேட்டீர்கள், கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னீர்கள்: "சிவப்பு சாப்பிட்டவங்களையும் நீலம் சாப்பிட்டவங்களையும் தனித்தனியா வச்சுப் பார்த்தாத்தான் உப்பு வேலை செய்யுதான்னு தெரியும். இப்போ யாரு எதைச் சாப்பிட்டாங்கன்னே தெரியாதே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் நான் வியாபாரி. உறைத்த அடுத்த நிமிஷமே வழி தேடினேன். "இது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அட்டையில கீற மாதிரியே எழுதிக்கினு போங்க. வேலை பர்மனென்ட் ஆவட்டும். எவன் வந்து வாயக்கா பொரியல தொறந்து பாக்கப் போறான்?"

நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "இந்த உப்பு நிஜமாவே நல்லதா இருந்து, நம்ம பொய்யால அது உபயோகமில்லன்னு ஆயிட்டா? நாளைக்கு எத்தனை ஊர்ல எத்தனை கன்னியம்மாவுக்குக் கிடைக்காம போகும்?" என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்த கன்னியம்மா ஒருத்திதான். மற்ற ஊர்களிலும் அவள் இருக்கிறாள் என்று அதுவரை நினைத்ததில்லை.

அதற்குப் பிறகு வந்த மூன்று சாயங்காலங்களைத்தான் நான் இத்தனை வருஷமாக எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் வீடுகளின் பட்டியலோடு உட்கார்ந்தீர்கள். நான் எண்ணெய் டின்மேல். ஒவ்வொரு வீடாகக் கேட்டீர்கள். "மாரியம்மன் கோயில் எதிர் ஓட்டு வீடு?" "நீலம். ஆவணியில செவப்பு வாங்கினாங்க. பொண்ணு சடங்குக்கு வெல்லம் எடுத்த அன்னிக்கு." "பம்ப்செட்காரர் வீடு?" "மாத்தவே இல்ல. அந்தம்மாவுக்கு நாக்கே கெடையாது, இன்னா குட்த்தாலும் துன்னும்." நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். அத்தனை பெரிய இடியை வாங்கிக்கொண்டு ஒருவர் சிரிப்பதை நான் கண்டதில்லை.

சில வீடுகள் எனக்கு ஞாபகம் இல்லை. உங்கள் பேனா நிற்கக் கூடாதே என்று வாய்க்கு வந்த நிறத்தைச் சொன்னேன். மூன்றாவது தடவை பிடித்துவிட்டீர்கள்.

"இது ஞாபகமா, ஊகமா?"

"ஊகம்தான்."

"அப்போ தெரியாதுன்னு சொல்லுங்க. அந்த வார்த்தைய வாய்ல இருந்து எடுக்க உங்களுக்கு இவ்ளோ கஷ்டமா இருக்கே!"

பழைய ஊகங்களையும் அடிக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'தெரியாது' என்று எழுதினீர்கள். மூன்றாம் நாள் முடிவில் தெரிந்ததைவிடத் தெரியாதது அதிகமாக இருந்தது. எனக்கு அந்தப் பட்டியல் முடியாமலேயே இருந்தால் தேவலை என்று இருந்தது. ஒரு ஊர் ஆராய்ச்சியே கெட்டுப்போன காரியத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் இப்படி நினைப்பது நியாயமா? நியாயமில்லைதான். நினைத்தேன்.

உங்கள் மேலதிகாரிகள் ஜீப்பில் வந்து பட்டியலைப் பார்த்தார்கள். கடைசி ரத்தம் எடுக்க வேண்டாம், இந்த ஊரை விட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 'மாற்றக் கூடாது என்று சொன்னேன், ஏன் என்று விளக்கவில்லை; தவறு என்னுடையது' என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தீர்கள். நான் சத்தம் போட்டேன். "நெஜம்தானே கடைக்காரரே, ஏன்னு நான் சொல்லலையே" என்றீர்கள். வேலை நிரந்தரமாகவில்லை. வேறு ஜில்லாவில் வேறு ஆராய்ச்சிக்கு, அதே டெம்பரரியாகப் போகச் சொன்னார்கள்.

ஆராய்ச்சித் தாள்களை அடைத்த உங்கள் டிரங்குப் பெட்டியை மொபெட்டில் கட்டிக்கொண்டு நான்தான் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்கள் பஸ்ஸில் வந்தீர்கள். ரயில் வர நேரம் இருந்தது. "ஏதாவது சொல்லணுமா?" என்று நீங்கள்தான் கேட்டீர்கள். நீங்கள் மாதா கோயில், நான் அம்மன் கோயில். அதைக்கூட நான் சமாளித்திருப்பேன். ஆனால் உங்கள் வேலையைக் கெடுத்தவன் அந்த நேரத்தில் அதைக் கேட்டால், உடைத்த பொருளுக்கு விலை கொடுக்க வந்தவன் மாதிரி ஆகிவிடாதா என்று கணக்குப் போட்டேன். "பத்தரமா போங்க" என்றேன். தலையாட்டிவிட்டு ஏறினீர்கள். வியாபாரத்தில் எவ்வளவோ தவறான கணக்குப் போட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் எப்படியோ சரிக்கட்டினேன். அதைச் சரிக்கட்ட வழி கிடைக்கவே இல்லை.

பிறகு நிலம் விலை ஏறியது, கம்பெனிகள் வந்தன, கடை வளர்ந்தது, கல்யாணமும் ஆயிற்று. என் மனைவியிடம் உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். "அந்த அம்மா தப்பிச்சிது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். நல்லவள். கடை பெயர் போட்ட தினசரி காலண்டரை வருஷா வருஷம் உங்களுக்கு அனுப்புவேன். நீங்கள் பதிலுக்கு ஒரு கார்டு போடுவீர்கள்: 'காலண்டர் வந்தது. நலம்.' போன மார்கழியில் கார்டுக்குப் பதில் போன் வந்தது. உங்கள் தங்கை. "அண்ணே, காலண்டர் வந்துச்சு. தெனமும் தாள் கிழிக்கிறது அக்காதான். இனிமே அனுப்ப வேணாம்ணே" என்றார். நான் சரிம்மா என்றேன். உங்களுக்கு என்ன உடம்பு, எப்போது முடிந்தது என்று கேட்காதது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

நீங்கள் இந்த ஊரை விட்டுப் போய் நாலைந்து வருஷம் கழித்து ஒரு கவர் வந்ததே, நினைவிருக்கிறதா? கடிதம் இல்லை, ஆங்கிலத்தில் அச்சடித்த நாலு தாள் மட்டும். அந்த உப்பு ஆராய்ச்சியின் முடிவு. ஸ்கூல் வாத்தியார் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். உப்பு வேலை செய்ததா என்று கேட்டேன். "இன்னும் ஆராயணும்னு போட்டிருக்காங்க" என்று சிரித்தார். உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்றார். ஆனால் இரண்டாவது தாளில் ஒரு வரியின் கீழே பென்சிலால் கோடு இழுத்திருக்கிறதே, அது ஏன் என்று அவரே கேட்டார். படிக்கச் சொன்னேன். 'ஒரு கிராமம் இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை.' அவ்வளவுதான். ஊர் பெயர் இல்லை, காரணம் இல்லை.

அந்தத் தாள் மடித்த மடிப்பிலேயே நாலாகக் கிழிந்துவிட்டது. பிளாஸ்டிக் உறையில் போட்டு உள்பாக்கெட்டில் வைத்திருக்கிறேன். இங்கிலீஷ் எனக்கு இன்றைக்கும் வராது. அந்த ஒரு வரியை மட்டும் எழுத்துக் கூட்டாமல் படிப்பேன். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து நாம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதியது அது.