ஒன்றரை மணித்தியாலம்

ஹம், ஜேர்மனி
11.02.2024

அன்புள்ள ஸ்ரீதரன் அண்ணைக்கு,

நலம் விசாரித்து எழுதும் மனநிலை எனக்கில்லை. ஆனாலும் உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். இவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் கூடவே நின்று எல்லாம் செய்தீர்கள். ஹார்ஸ் மலையில் பொலிசுக்குப் பதில் சொன்னதும், உடலை ஹம்முக்குக் கொண்டுவர ஓடித் திரிந்ததும் நீங்கள்தான். மறக்கமாட்டேன்.

ஆனால் அன்றைக்கு நடந்ததைக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறீர்கள். தொலைபேசியிலும் பேச்சை மாற்றுகிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

காலையில் புறப்படும்போது, "ராச்சாப்பாட்டுக்கு வந்திடுவன், புட்டு அவிச்சு வை" என்று சொல்லிவிட்டுப் போனவர். அப்படிச் சொன்ன மனிதர் அந்தக் குளிரில் பலகைப் பாதையை விட்டுச் சதுப்புக்குள் ஏன் இறங்கினார்? தொழிற்சாலையில் வேலை போன பிறகு அவருக்குச் சரியான நித்திரை இல்லை. வீட்டில் கதையும் குறைந்துவிட்டது. எனக்குள் ஒரு பயம் இருக்கிறது, அண்ணை. அதை எழுதக் கை வரவில்லை. கடைசியாக அவரோடு நடந்தவர் நீங்கள். எதுவானாலும் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன்.

பிள்ளை ஆதிரை தாதிப் படிப்புக்குத் திரும்பவும் போகத் தொடங்கிவிட்டாள்.

தங்கச்சி,
சிவமலர்


ஹாலே
03.03.2024

அன்புத் தங்கச்சி மலருக்கு,

உன் கடிதத்தை மூன்று வாரம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நீ கேட்டதால் எழுதுகிறேன். வேறு யாருக்கும் காட்டாதே.

நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடக்கும்போதே தியாகு அதிகம் பேசவில்லை. தண்ணீர் உறைந்து கிடந்தது. சதுப்புவெளிக்கு ஏறியதும் நின்று, "நான் இல்லாட்டில் ஒருத்தருக்கும் ஒண்டும் குறையாது மச்சான்" என்றான். நான் ஏசினேன். பிறகு, "நீ முன்னாலை போ, நான் கொஞ்சம் நிண்டு பாத்திட்டு வாறன்" என்றான். நம்பி நடந்தேன். நான்கு மணிக்கு வாகனத்தடிக்கு வந்து பார்த்தால் ஆள் பின்னால் இல்லை. அவனுடைய தொலைபேசியும் வாகனத்துக்குள் கிடந்தது. உடனே மீட்புப்படையை அழைத்தேன்.

உன்னில் எந்தப் பிழையும் இல்லை, மலர். அவன் மனது அப்படி ஆகிவிட்டது. இதைத் திரும்பத் திரும்ப நினைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அண்ணன்,
ஸ்ரீதரன்


ஹம்
10.12.2024

ஸ்ரீதரன் அண்ணைக்கு,

உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நாளும் பதில் போடவில்லை. அதைப் படித்த அன்று அவருடைய படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். என்னையும் பிள்ளையையும் வேண்டாமென்று போன மனிதருக்கு எதற்கு விளக்கு என்று நினைத்தேன். ஆதிரை ஒரு நாள் கேட்டாள். மறைக்க முடியாமல் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் அப்பா என்ற சொல்லையே எடுப்பதில்லை.

போன மாதம் வீடு ஒதுக்கும்போது பொலிஸ் தந்த தாள்கள் மேசை லாச்சிக்குள் இருந்து வெளியே வந்தன. நான் ஒருநாளும் பிரித்துப் பார்க்காதவை. ஆதிரை வாசித்தாள். மீட்புப்படைக்கு அழைப்பு வந்த நேரம் 17.25 என்று இருந்தது. நீங்கள் நான்கு மணிக்கு என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஆதிரை விடவில்லை. அன்று தேடப் போனவர்களில் ஒருவரைக் கண்டுபிடித்து, சந்திக்க டெர்மின் எடுத்தாள். சனிக்கிழமை போனோம். நீங்கள் இருவரும் நடந்த வழியிலேயே அவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அணைக்கட்டைத் தாண்டி, ஊசியிலை மரங்கள் பட்டுப்போய் நிற்கிற சரிவால் ஏறி, மேலே போனால் வெறும் வெளி. பனிக்குள் பழுப்புப் புல்லின் நுனி மட்டும் தெரிகிறது. காற்றை மறிக்க ஒரு மரம் இல்லை. பலகைகளில் கண்ணாடிபோல ஐஸ். எனக்கு இரண்டு தடவை சறுக்கியது. ஆதிரை என் கையை விடவேயில்லை.

ஓரிடத்தில் அந்த மீட்புப்படைக்காரர் நின்றார். இவர் வழுக்கி விழுந்த இடம் அது என்றார். இடுப்பு வரைக்கும் நனைந்திருந்ததாம். கணுக்காலைக் கழுத்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாராம். விழுந்த இடத்திலிருந்து, விறைத்துக் கிடந்த இடம் வரைக்கும், இருநூறு மீற்றர் பலகையில் முழங்காலால் ஊர்ந்து வந்திருந்தாராம். வாகனத் தரிப்பிடத்தின் பக்கமாக.

ஆதிரை அந்தப் பலகையில் குந்திவிட்டாள். "அம்மா, சாகப் போறவர் காலுக்குக் கட்டுப் போடுவாரே?" என்று கேட்டாள்.

நீங்கள் பதில் சொல்ல வேண்டும். அந்த ஒன்றரை மணித்தியாலம் எங்கே இருந்தீர்கள்?

சிவமலர்


ஹாலே
19.12.2024

மலர்,

வாகனத்துக்குள் இருந்தேன்.

அன்று நடக்கப் போவோம் என்று தியாகு கூப்பிட்டது கமலநாயகியைப் பற்றிப் பேசத்தான். கட்டின மனைவி என்னை விட்டுப் பேர்லினுக்குப் போனபோது நீங்கள் இருவரும் அவள் பக்கம் நின்றீர்கள் என்று எனக்குக் கோபம் இருந்தது உனக்குத் தெரியும். மேலே சதுப்புவெளியில் வைத்து அவன் சொன்னான்: "மச்சான், நீ அவவுக்கு அடிச்சனீ. அவ இனி வரமாட்டா. அவவைத் தேடிப் போறதை விடு. முதல்லை போய் மன்னிப்புக் கேள்." நான் கத்தினேன். நான் இல்லாட்டில் ஒருத்தருக்கும் ஒண்டும் குறையாது என்று சொன்னது நான், மலர். அவனில்லை. அவன் சொன்னது, "விசர்க்கதை கதையாதை, வா, தேத்தண்ணி குடிப்பம்" என்பது மட்டும்.

போத்தலை எடுக்கத் திரும்பியபோதுதான் சறுக்கினான். ஒரு கால் தண்ணிக்குள் போய், ஆளும் சரிந்தான். இழுத்துப் பலகையில் விட்டேன். எழும்ப முடியவில்லை. "கால் ஏலாது மச்சான், கொஞ்சம் தாங்கிப் பிடி" என்றான். "உன்ரை புத்தி உன்னைத் தாங்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பின்னால் இரண்டு தடவை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு கூப்பிடவில்லை.

வாகனத்தில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருந்தேன். நொண்டி நொண்டி வரட்டும், வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்கட்டும் என்று நினைத்தேன். இருட்டியது. அப்போதும் என் கோபம் இறங்கவில்லை. பயம் வந்து அழைத்தபோது ஐந்தரை ஆகப் போனது.

உன் பயத்தை உன் கடிதத்தில் கண்டபோது எனக்கு ஒளிய இடம் கிடைத்தது. அதுதான் செய்தது எல்லாவற்றிலும் கேடு. பொலிசுக்குச் சொல்ல வேண்டுமானால் சொல். நான் எங்கும் ஓடமாட்டேன்.

ஸ்ரீதரன்


ஹம்
30.12.2024

ஸ்ரீதரன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஆதிரைக்கு வாசித்துக் காட்டினேன். அவள் எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தாள். படம் திரும்பவும் சுவரில் இருக்கிறது. பத்து மாதம் அவரை ஏசியிருக்கிறேன். பாத்திரம் கழுவும்போதும், பேருந்தில் இருக்கும்போதும், கோயில் வரிசையில் நிற்கும்போதும். செத்த மனிதரிடம் அதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் கோபத்தில் விட்டுவிட்டு வந்ததை ஒருவேளை எப்போதாவது விளங்கிக்கொள்வேன். மனிதருக்குக் கோபம் வரும். ஆனால் ஒரு பிள்ளைக்குத் தகப்பனை இரண்டாம் தரம் இல்லாமல் செய்தீர்கள். பேனையை எடுத்து, யோசித்து, தாளில் எழுதிச் செய்தீர்கள்.

கடிதம் ஆதிரையிடம் இருக்கிறது. பொலிசுக்குக் கொண்டுபோவதா இல்லையா என்பது அவள் முடிவு. நான் தடுக்கவும் மாட்டேன், தூண்டவும் மாட்டேன்.

ஆண்டுத் திவசத்துக்கு நீங்கள் வரக்கூடாது.

கமலநாயகி அக்காவுக்கு நானே அழைத்துச் சொன்னேன். வேறு யாராவது சொல்லித் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். கேட்டதும், "என்ரை கதை கதைக்கப் போய்த்தானே மலர், அவர் செத்தவர்" என்று அழத் தொடங்கினா. என்ன சொல்லியும் நிறுத்தவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் காலையில் அழைத்து, அதில் அவவுடைய பிழை எதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் நம்புகிறாவில்லை. நாளைக்கும் சொல்ல வேண்டும்.

இனி எழுத வேண்டாம்.

சிவமலர் தியாகராசா