வாட்ச் சொன்னதைத்தான் கேட்டேன்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், ஆனால் அதற்காக இந்தத் தாளை எடுக்கவில்லை. தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாத விஷயம், அதனால்தான். அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று நீ அழுதுகொண்டே, "வலிக்குதுன்னு சொன்னதும் கூட்டிட்டுப் போயிட்டீங்களாம்மா?" என்று கேட்டாய். "உடனே போயிட்டோம்" என்றேன். அது பொய் குட்டிம்மா.

முதலில் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா போன வாரத்திலிருந்து வேலைக்குப் போகிறார். லிஃப்ட் கூண்டின் மேலே ஏறி நிற்கிற வேலையெல்லாம் இனி கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதால், கம்பெனி அவரை ஆபீசில் உட்கார வைத்திருக்கிறது. பாதி வழியில் லிஃப்ட் நின்றுபோய் உள்ளே அலறுகிறவர்களுக்குப் போனில் தைரியம் சொல்ல வேண்டும். ஊர் லிஃப்டையெல்லாம் பழுது பார்த்த மனுஷனுக்கு லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடி வாய்த்தது என்று நாம் சிரிப்போமே, இப்போது யாரும் சிரிப்பதில்லை. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறோம், உட்கார்ந்து உட்கார்ந்து வருகிறார். கீழ்வீடாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், கிடைத்தபாடில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அந்தப் போன் கம்பெனி மேல் எப்படிப் பைத்தியம் பிடித்தது என்று உனக்குத் தெரியும், எவ்வளவு முற்றியது என்று தெரியாது. நீ வாங்கி அனுப்பிய முதல் போனின் பெட்டியைத் திறந்தபோது அந்த மூடி ஒரு பெருமூச்சு விடுகிற மாதிரி மெல்லக் கழன்று வந்தது. ஐம்பத்திரண்டு வயதுவரை எனக்காக எவரும் ஒரு பொருளை அவ்வளவு பதவிசாக மடித்து வைத்ததில்லை. என் விரல் எங்கே போகும் என்று எங்கோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறாரே என்று மனசு குளிர்ந்துபோனது. அதற்கப்புறம் காதில் மாட்டுவது, மேஜையில் வைப்பது, கையில் கட்டுவது என்று ஒன்றொன்றாக வந்தது. காலிப் பெட்டிகளைக்கூட பீரோ மேல் அடுக்கி வைத்தேன். சனிக்கிழமைதோறும் அவர்கள் கடையில் கூடும் ரசிகர் குழுவில் சேர்ந்து, புதிதாக வாங்கியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். பள்ளி நூலகத்தில் இருபத்தாறு வருஷமாக புத்தகத்துக்கு அட்டை போடுகிறவளை ஒருவரும் ஏனென்று கேட்டதில்லை. அங்கேயோ "அக்கா வந்துட்டாங்க" என்று வழிவிடுவார்கள். நான் பையை எடுத்ததுமே அப்பா, "என்ன, பொறந்த வீட்டுக்கா?" என்பார். அப்பாவின் பிறந்தநாளுக்கு அவர் கையிலும் ஒரு வாட்ச் கட்டிவிட்டேன். நாடி, தூக்கம், நடை எல்லாம் என் போனில் வந்து விழும்.

எதிர்வீட்டுத் தையல்காரம்மாவோடு சண்டை வந்ததும் இதனால்தான். அவள் வேறு கம்பெனிப் போன் வாங்கிவந்து ஆசையாகக் காட்டினாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, காசைக் கொண்டுபோய்க் குப்பையில போட்டியே" என்றேன். அவள், "ஒரு போனுக்காக என்னை இப்படிப் பேசறியே, அந்தக் கம்பெனிக்காரனா வந்து உனக்குத் தண்ணி எடுத்துக் குடுப்பான்?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். ரோஷத்தில் அவள் எண்ணை என் போனில் தடுத்து வைத்தேன். மூன்று மாதம் பேச்சில்லை.

அன்று அந்தக் கம்பெனி புது மாடலை அறிவிக்கிற நாள். கடையில் பெரிய திரை வைத்திருந்தார்கள். முன்வரிசையில் இடம், நிகழ்ச்சிக்கு முன்னால் என்னை இரண்டு நிமிஷம் பேசவும் சொல்லியிருந்தார்கள். காலை எட்டு மணிக்குப் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் வந்து நின்று, "நெஞ்சுல என்னமோ அடைக்கிற மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமா?" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டைத்தான் பிடித்துத் திருப்பினேன். நாடி எழுபத்தெட்டு, எல்லாம் பச்சை. "ஒண்ணுமில்லைங்க, வாயுவா இருக்கும், வெந்நீர் குடிங்க" என்றேன். நான் செருப்பு மாட்டும்போது மறுபடியும், "இன்னும் விடலைடி" என்றார். "வாட்சே சரியா இருக்குங்குது, உங்களுக்கு மட்டும் என்ன?" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். "மீட்டரு சரியாத்தான் காட்டும். கயிறு தேஞ்சிருக்கான்னு கையை வெச்சுத்தான் பாக்கணும்" என்றார். தொழில் புத்தி விடாது என்று கேலி பண்ணிவிட்டு இறங்கிப் போய்விட்டேன்.

அவர் தனியாகவே கிளம்பியிருக்கிறார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சட்டையெல்லாம் நனைந்து உட்கார்ந்திருந்தவரைத் தையல்காரம்மாதான் பார்த்தாள். அப்பா போனை எடுக்காமலே இறங்கியிருந்ததால், அவள் தன் போனிலிருந்து எனக்குப் பதினோரு தடவை கூப்பிட்டாளாம். ஒன்றும் வந்து சேரவில்லை, நான்தான் தடுத்து வைத்திருந்தேனே. பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு, நான் எங்கே போயிருக்கிறேன் என்று கேட்டு, கடைக்குச் சொல்லி, கடைக்காரப் பெண் முன்வரிசைக்கு வந்து என் தோளைத் தொட்டபோது நான் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

தையல்காரம்மாவே ஆட்டோ பிடித்து அவரைக் கொண்டுவந்திருந்தாள். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் நின்றபோதுதான் டாக்டர் "வலி எப்போ ஆரம்பிச்சுது?" என்று கேட்டார். அப்பா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "இப்பத்தான் சார், அரை மணி நேரமிருக்கும்" என்றார். அந்த நிலைமையிலும் என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இதை நினைத்தால்தான் இன்னும் உடம்பு கூசுகிறது. தையல்காரம்மாதான், "இல்லை டாக்டர், காலையில எட்டு மணிக்கே சொன்னாராம், படியில உட்கார்ந்திருந்தப்போ என்கிட்ட சொன்னார்" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அப்புறம் டாக்டர், "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இதயத்தில் ஒரு பகுதி போனது போனதுதானாம்.

வீட்டுக்கு வந்து வாட்ச் பெட்டியை எடுத்தேன். அடியில் மடித்த தாள் ஒன்று, பிரிக்கவே இல்லை. மாரடைப்பைக் கண்டுபிடிக்க இந்தக் கருவியால் முடியாது என்று அச்சடித்தே வைத்திருந்தார்கள். நூலகத்தில் வேலை பார்க்கிறவள், ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள், அதைப் படிக்கவில்லை. கம்பெனியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அது என் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் அவர் சொன்னதை விட்டுவிட்டு அதைக் கேட்டேன். குழுவில் எல்லோரும் அன்பாக விசாரித்து எழுதினார்கள், நல்லவர்கள்தான், ஆனால் அந்தப் பக்கம் போகப் பிடிக்கவில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், புது மாடல் படம் வந்தால் இன்றைக்கும் என் கை தானாகப் போகிறது. தையல்காரம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "முதல்ல சாப்பிடு" என்று தட்டை நகர்த்தினாள், அவ்வளவுதான் பேச்சு.

நீ வாங்கி அனுப்பிய போனில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று உன் தலையில் போட்டுக்கொள்ளாதே, அப்படி எழுதவில்லை. என்மேல் கோபம் வந்தால் அடக்கவும் வேண்டாம், இரண்டு நாள் பேசாமல் இரு, மூன்றாம் நாள் பேசு. வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளை ஏதாவது சொன்னால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேள். நீங்கள் இருவரும் நீண்ட நாள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க என் மனமார்ந்த ஆசிகள்.

ஒன்று மட்டும் மறக்காமல் செய். அன்று இரண்டு தடவை என்னிடம் சொன்ன மனுஷன், இப்போது ஒரு தடவைகூட வலிக்கிறது என்று சொல்வதில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், என்னங்க என்றால் "ஒண்ணுமில்லையே" என்கிறார். உன்னிடம் சொன்னாலும் சொல்வார். நீ கேள். சொன்னால், எனக்குச் சொல்.

என்றும் உன் நினைவாக,
அம்மா