பீரோவுக்குள் இருந்த விசுவாசம்

அன்பு மகள் மதுமதிக்கு உன் அய்யா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் சுகம், ராமநாதபுரத்து வெயிலும் சுகம். ஜெய்ப்பூர் வெயிலில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் "சரிங்கய்யா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு விரிவுரையாளர் வேலை கொடுத்திருக்கும் பல்கலைக்கழகம் உன் அசல் சான்றிதழ்களை வாங்கி தன் பீரோவில் வைத்துக்கொள்ளுமாம், உடனே தபாலில் அனுப்பச் சொல்கிறாய். முதலில் என் கதையைக் கேள்.

நான் இந்தப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த அன்றே என் அசல் எல்லாம் முதல்வர் அறை பீரோவுக்குள் போய்விட்டது. "சும்மா, பத்திரத்துக்குத்தான்" என்றார்கள். அன்றிலிருந்து நான் ரொம்ப விசுவாசமான ஆசிரியர். கோடை விடுமுறையில் கல்லூரிக்குப் பிள்ளைகளைச் சேர்க்க வீடு வீடாக அனுப்பினால் போவேன். தங்கச்சிமடத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் மெக்கானிக்கலின் பெருமையை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏன் சாரே, எம் மகனும் படிச்சு முடிச்சா இப்புடி வீடு வீடாத்தான் பிள்ள பிடிக்கப் போவானா?" என்றார். விண்ணப்பப் படிவத்தை மடித்து வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

போன மாதம் ஆசிரியர்களின் பணித் திருப்தியை அளக்க ஓர் ஆய்வு நடத்தினார்கள். பெயர் எழுத வேண்டாம், ரகசியம் காக்கப்படும், பணியாளர் எண்ணை மட்டும் மறக்காமல் குறிப்பிடவும் என்றார்கள். நாங்களும் எல்லாக் கேள்விக்கும் "முழுத் திருப்தி" என்று டிக் அடித்துக் கொடுத்தோம். ஒரு கருவி எதை வைத்தாலும் ஒரே அளவு காட்டினால் அது பழுது என்று முதலாண்டுப் பையனுக்கே சொல்லிக்கொடுக்கிறோம். நிர்வாகமோ அந்த ஆய்வு முடிவை வாசலில் ஃபிளெக்ஸ் அடித்து வைத்தது. அந்த வாரம்தான் மதுரையில் ஒரு பாலிடெக்னிக் நேர்முகத்துக்கு எனக்குக் கடிதம் வந்தது. அசலோடு வரவேண்டும். முதல்வரிடம் போய்க் கேட்டேன். அவர் என் டிக்குகளை எடுத்துக் காட்டி, "முழுத் திருப்தியா இருக்குற மனுசன் எங்கய்யா போறீரு? வேணும்னா சம்சாரத்தோட சர்டிபிகேட்ட வச்சிட்டு எடுத்துட்டுப் போம்" என்றார். அம்மாவிடம் சொன்னேன். "எந்த வேலையும் பாக்காத நான் எதுக்கு அங்கன விசுவாசமா இருக்கணும்?" என்று கேட்டுவிட்டு மீன் அலசப் போய்விட்டாள்.

நேர்முகத்துக்கு முந்தின நாள் தர மதிப்பீட்டுக் குழு வந்தது. ஆசிரியர்களின் அசலைக் கல்லூரி வைத்திருக்கக் கூடாது என்பது விதி, அதனால் அன்றைக்கு மட்டும் காலையில் பீரோவைத் திறந்து அவரவர் கோப்பை அவரவரிடம் கொடுப்பார்கள். குழு சரிபார்த்ததும் அலுவலக உதவியாளர் வேல்சாமி கூடையோடு வந்து திரும்ப வாங்கிக்கொள்வார். குழுத் தலைவர் என் சான்றிதழ்களைப் பார்த்துவிட்டு, இவையெல்லாம் வழக்கமாக யாரிடம் இருக்கும் என்று கேட்டார். பக்கத்தில் நின்ற முதல்வர் முந்திக்கொண்டு, "அவுக அவுக வீட்லதான் சார், காலைலதான் கொண்டாந்தாக" என்றார். தலைவர் திருப்தியாகத் தலையாட்டினார். நானும் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, குழு இருக்கும்போதே கோப்பை என் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். முதல்வர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். சிரிக்கத்தான் முடிந்தது அவருக்கு. கூடையோடு வந்த வேல்சாமி என் பையைப் பார்த்தார், குழுவைப் பார்த்தார், குனிந்து மெதுவாக, "சார், என்னோடதும் உள்ளதான் கெடக்கு" என்றார். அந்தப் பீரோவின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்குகிறது. சாயங்காலம் முதல்வர் கூப்பிட்டு, "நம்ப வச்சு கழுத்தறுத்துட்டீரேய்யா" என்றார். "வீட்ல இருக்குன்னு நீங்கதான சார் சொன்னீக, அதான் வீட்டுக்குக் கொண்டு போறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேர்முகம் முடிந்தது. வேலை கிடைத்தால் போவேன், கிடைக்காவிட்டால் இங்கேயே இருப்பேன். ஆனால் இப்போதுதான், இருக்கிறேன் என்று சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. நீ நன்றாகப் பாடம் நடத்து, பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே. உன்னை நம்புகிறவர்களுக்கு உன் உழைப்பு போதும், நம்பாதவர்களுக்குப் பீரோவும் போதாது. திருப்புல்லாணிப் பெருமாள் உனக்குத் துணையிருக்கட்டும், அம்மாவின் ஆசியும் சேர்ந்து வருகிறது.

மறக்காதே, இந்த உறையில் இருப்பது உன் சான்றிதழ்களின் நகல் மட்டும். அவர்களுக்கு அசலைப் பார்க்க வேண்டும் என்றால் சொல், நானே ரயிலேறிக் கொண்டுவந்து காட்டிவிட்டு, கையோடு திரும்ப எடுத்துவருவேன்.

உன் நலம் நாடும் அய்யா,
நாகேந்திரன்