ஒன்பதாவது கேள்வி

12 மார்ச் 2025, புதன்

ரத்தம் கொடுத்தாயிற்று. அக்காவுக்கு மார்பில் வந்த புற்றுநோய் பரம்பரையாக வருகிற வகையாம். அந்த மரபணுக் கோளாறு எனக்கும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வீட்டுக்காரரிடம் வேலைக்கு என்று சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பஸ் ஓட்டுகிற மனுஷன், அவரைக் கலங்க வைப்பானேன்?

ஊசிக்கு முன்னால் நிரப்பச் சொல்லி ஒரு பாரம். பயமாக இருக்கிறதா, தூக்கம் கெடுகிறதா, அழுகை வருகிறதா என்று பத்துக் கேள்வி. மனசையெல்லாமா செக் பண்ணுவார்கள்? பதினெட்டு வருஷமாக ஃபேக்டரியில் தரம் பார்த்து கியூ.சி. பாரத்துக்கு டிக் போடுகிற கை இது. 'இல்லை' வரிசையில் மேலிருந்து கீழே சரசரவென்று பத்து டிக். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

13 மார்ச்

தூக்கம் இல்லை.

14 மார்ச், வெள்ளி

மதியம் ஃபேக்டரி கேன்டீனில் இருந்தபோது ஃபோன். ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்கிற பெண், தனுஜா.

"குமுதாக்கா, பத்துக்கும் இல்லைன்னு போட்டிருக்கீங்க."

"ஆமாம்மா, எனக்கு ஒண்ணும் இல்லலா."

"ஒன்பதாவது, மனசு விட்டுப் பேச உங்களுக்கு யாராவது இருக்காங்களான்னு கேட்டிருக்கோம். அதுக்கும் இல்லைன்னு இருக்கு. உண்மையாவாக்கா?"

ஐயோ, நான் படிக்கவே இல்லையே! ஃபேக்டரி லைனில் எவளாவது இப்படி டிக் போட்டால் என்ன கத்து கத்துவேன்! கை தவறிப் போச்சு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. நோன்பு மாசம், கேன்டீன் காலி. நல்ல வேளை.

அவள் அவசரப்படுத்தவே இல்லை. நான் மூக்கைச் சிந்தி முடிக்கிறவரை லைனில் இருந்தாள். பிறகு, "ரிசல்ட் வாங்க யாரோட வருவீங்க?" என்றாள்.

15 மார்ச், சனி

வீட்டுக்காரரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன், பாரத்தைப் படிக்காமல் டிக் போட்டது உட்பட. பசார் ரமதான் நோன்புச் சந்தையில் வாங்கிய முர்தபாக் ரொட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அப்புறம் வந்ததே கோபம்!

"நாப்பது பேரை ஏத்திக்கிட்டு தினம் எல்லைப் பாலம் தாண்டுறேன். உன் ஒருத்திய தாங்க மாட்டேனா?"

முர்தபாக் ஆறிப்போச்சு. ஆறினதையே ரெண்டு பேரும் சாப்பிட்டோம். நாலு நாளாக நாக்கில் ருசியே இல்லை, இன்றைக்கு இருந்தது.

9 ஏப்ரல்

தனுஜா மறுபடி கூப்பிட்டாள். தூக்கம் எப்படி என்று கேட்கத்தான். அந்தப் பெண் நல்லா இருக்கணும்.

7 மே, புதன்

கோளாறு எனக்கும் இருக்கிறது.

நோய் இன்னும் வரவில்லை, வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துக் கவனமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். வந்த பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது. எனக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. அதற்கே கும்பிடணும்.

தனுஜா புதுப் பாரம் ஒன்று நீட்டினாள். என் இடது கையை வீட்டுக்காரர் விடவே இல்லை, வலது கையால் நிரப்பினேன். பயமாக இருக்கிறதா? ஆம். தூக்கம் கெடுகிறதா? ஆம். அழுகை? ஆம், ஆம். ஒன்பதாவதுக்கு வந்தபோது அவரும் எட்டிப் பார்த்தார்.

"இந்தத் தடவையாவது படிச்சிட்டுப் போடு."

ஆம். படித்துவிட்டுத்தான் போட்டேன்.