பச்சைத் தண்ணீர்

நாள் 16, காலை 6.30

இதை எடுத்துப் படிப்பவருக்கு: நான் அமலோற்பவம், நீர்த்தாவர ஆய்வாளர், சொந்த ஊர் தூத்துக்குடி. இருப்பது செவ்வாயில், தெற்குப் பள்ளத்தாக்கு நிலையத்தில். நாள் கணக்கு தொட்டியில் செடி நட்ட அன்று தொடங்குகிறது.

காற்று தயாரிக்கும் இயந்திரம் எரிந்துபோனதால்தான் இந்தத் தொட்டி. ஓர் அறை நிறைய நன்னீர், செடிகள், நத்தைகள், கொஞ்சம் அயிரை மீன். செடி வேர்பிடித்து வளர்ந்துவிட்டால் மீட்புக் கப்பல் வரும்வரை இரண்டு பேர் தாராளமாக மூச்சுவிடலாம். இரண்டாவது ஆள் சுடலைமுத்து, பொறியாளர், பாளையங்கோட்டைக்காரன். பழைய முகாமில் ஆக்சிஜன் உருளைகள் கிடக்கலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

கண்ணாடியில் தவிட்டு நிறப் படலம். புதுத் தொட்டியில் வழக்கம்தான். துடைத்தேன்.

நாள் 19, மாலை 5.00

படலம் போய் நூல்பாசி வந்திருக்கிறது. சீப்பில் சிக்கிய முடி மாதிரி இலைக்கு இலை தொங்குகிறது. பல் துலக்கும் பிரஷை விட்டுச் சுற்றிச் சுற்றி எடுத்தேன், இடுப்பு விட்டுப்போயிற்று.

புதிதாக நட்ட செடி வேர்பிடிக்கும்வரை அரைவயிறுதான் சாப்பிடும். மிச்சத்தைப் பாசி தின்னும். அதனால் உரத்தை நிறுத்தினேன், விளக்கு நேரத்தைக் குறைத்தேன், பாதித் தண்ணீரை மாற்றினேன். இனி பாசி பட்டினி கிடந்தாக வேண்டும்.

இரவுக்குச் சோறும் ஊறுகாயும். அரிசியைக் கழுவத் தேவையில்லை என்று பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அச்சடித்தவன் எந்த ஊர்க்காரனோ! மூன்று தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலையில் போட எனக்குக் கை வராது.

நாள் 22, பகல் 11.40

தண்ணீரே பச்சையாகிவிட்டது. கையை விட்டால் மணிக்கட்டுக்குக் கீழே தெரியவில்லை. வெளிச்சம் அடிவரை போகாமல் செடிகள் மஞ்சளாகின்றன. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன.

பட்டினி போட்டேன், கொழுக்கிறது. யார் ஊட்டுகிறார்கள் இதற்கு?

ரேடியோவில் சுடலையின் குரல், பழைய முகாமிலிருந்து: “எக்கா, உருள பூராம் காலியாக் கெடக்கு. ஒண்ணுகூடத் தேறல. கவலப்படாதிய, நம்ம தொட்டிதான் இருக்குல்லா. நான் திரும்பி வாரேன். வண்டில காத்து நாலு நாளைக்கு வரும்.”

நாள் 23, காலை 9.15

தண்ணீரைச் சோதித்தேன். பாஸ்பேட் உச்சத்தில் நிற்கிறது. உரம் போட்டு நான்கு நாளாகிறது. வேறெங்கிருந்தோ வருகிறது.

ஒவ்வொரு குழாயாகத் தடவிக்கொண்டே போனேன். சமையல் மேடைக்கு அடியில், அரிசி கழுவும் தொட்டியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று சுவரைத் துளைத்துச் செடித் தொட்டிக்குப் போகிறது. அதன் வாயில் சல்லடையாக வெள்ளைத் துணி கட்டியிருக்கிறது. சுடலையின் முடிச்சு.

கழுநீர். வேளை தவறாமல் மூன்று தண்ணீர். ஊட்டியது நான்தான்.

குழாயைப் பிடுங்கி எறிந்தேன். பாவி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

நாள் 23, மாலை 6.00

அவன் குரல்: “எக்கா, செடியெல்லாம் தளதளன்னு நிக்கணுமே! போறப்ப சின்ன வேல ஒண்ணு பாத்து வச்சேன். வந்து காட்டலாம்னு இருந்தேன். எங்கம்ம கழுநீர ஒரு நாளும் கீழ கொட்ட மாட்டா, மல்லியப்பூ செடிக்குத்தான். கொத்துக் கொத்தாப் பூக்கும் பாத்துக்கிடுங்க.”

நான்: “நல்லா வந்திருக்குல. பாத்து வா.”

அவனிடம் வேறென்ன சொல்ல?

நாள் 24, காலை 7.00

பச்சைத் தண்ணீருக்கு ஒரே வைத்தியம் இருட்டு. விளக்கை அணைத்து, தொட்டியைப் போர்வையால் மூடி, ஐந்து நாள். பாசி சாகும். வேரில் உயிர் வைத்திருக்கும் செடி பிழைக்கும்.

இருட்டில் தொட்டி காற்றுத் தராது. சாகும் பாசி அழுகி, இருக்கும் காற்றையும் தின்னும். கையிருப்பு ஓர் அவசர உருளை. ஒரு ஆளுக்கு ஐந்து நாள் வரும். இன்றே மூடாவிட்டால் செடிகள் போய்விடும், பிறகு இரண்டு பேருமே இல்லை.

அவன் நாளை மறுநாள் வந்துவிடுவான். எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. அதை எழுத மாட்டேன். கவச உடையை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

தொட்டியை மூடிவிட்டேன்.

நாள் 24, இரவு 8.20

அவன்: “சோறு பொங்கியாச்சா எக்கா?”

எப்போதும் கேட்பதுதான். நான் அசந்துவிட்டேன். “அரிசியையே தொடலடே. ரொட்டி தின்னேன்.”

அவன்: “சோறில்லாம ஒரு வேள இருக்க மாட்டியளே... தண்ணி பச்சையாப் போச்சா எக்கா? என் கழுநீராலயா?”

இல்லை, இல்லை என்று கத்தினேன். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. பச்சைத் தண்ணீருக்கு இருட்டுதான் வைத்தியம் என்று முன்பு அவனுக்குச் சொன்னவளே நான்தான். அந்த அவசர உருளையைப் பொருத்தியவனே அவன்தான். அதில் எவ்வளவு இருக்கிறது என்று அவனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நாள் 25, பகல் 2.00

வண்டியை நிறுத்திவிட்டான். நான் நடந்து போய்ச் சேர முடியாத தூரமாகப் பார்த்து நிறுத்தியிருக்கிறான்.

“ஏலே, வாடே. ரெண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சமா மூச்சு விடுவம். நான் வெளக்கப் போடப் போறேன்!”

“வெளக்கப் போட்டியன்னா நான் இங்கன நிக்கதுக்கு அர்த்தமே இல்லாமப் போயிரும். பாசியப் பத்தித் தெரிஞ்சவிய நீங்க. நான் அங்க தனியா இருந்தா அன்போட எதையாவது ஊத்திக் கொன்னுபுடுவேன்.” சிரித்தான். “நீங்க மொதல்ல வெளிய எறங்கிரலாம்னு நெனச்சிருப்பிய. எனக்குத் தெரியாதா?”

நான் அழுததை அவன் கேட்டான்.

“எக்கா, வச்சிடுதேன். பேசிட்டே இருந்தா வந்துருவேன்.”

நாள் 26

கூப்பிட்டேன். இரைச்சல்.

தொட்டி விளக்கின் சுவிட்சில் கை. எடுத்தேன். மறுபடி வைத்தேன். எடுத்து

நாள் 27

சுடலை. சுடலை. சுடலை.

நாள் 29, காலை 7.00

போர்வையை எடுத்தேன். செத்த பாசியை அள்ளினேன், தண்ணீரை மாற்றினேன், விளக்கைப் போட்டேன். வெள்ளை வேர்கள் உயிரோடிருக்கின்றன.

நாள் 41, பகல் 12.30

தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்துவிட்டது. அடி மணலில் அயிரை ஓடுவது தெரிகிறது. புதுத் தளிர்களில் குமிழிகள் வரிசையாக மேலே வருகின்றன. காற்றை அளந்தேன். இரண்டு பேருக்குப் போதும். தவறாக இருக்கும் என்று திரும்ப அளந்தேன். இரண்டு பேருக்குத்தான்.

இத்தனை நாள் கழித்து இன்று சோறு பொங்க உட்கார்ந்தேன். கை தன் பழக்கத்தில் மூன்று தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டது.

கழுநீர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். கீழே கொட்ட மனசு வரவில்லை.